குட்டியானை இன்ஜினும் கயலின் பெண் அழைப்பும்

என்னைத் திட்டித் திட்டியே ஆளாக்கிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். நீ போன பிறகு உன்னிடம் பேசாமல் இருந்ததில்லை. கரும்புக்குத் தண்ணீர் மடை மாற்றும்போது பேசுவேன், டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று சத்தமாகவே பேசுவேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பேசினால் அழுகை வருகிறது, எழுதினால் வராது என்று நினைத்து உட்கார்ந்தேன். அதுவும் பொய்யாகப் போய்விட்டது. சரி, விடு.

முதலில் நல்ல சேதி. உன் மகள் கயலுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. வைகாசியில், வில்லியனூரில், மாப்பிள்ளை வீட்டார் பார்த்த மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை சரவணன் நல்ல பிள்ளை. கொஞ்சம் அதிகமாகப் பேசுவான். நீ இருந்திருந்தால் ஒரே வாரத்தில் அதைச் சரிசெய்திருப்பாய்.

அடுத்த சேதியைச் சொன்னால் நீ எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைப்பாய். நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். பழைய கார். சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம். பிரான்சில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அதற்குள்ளே ஓடுவது குட்டியானை இன்ஜின். ஆமாம், வில்லியனூர் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குமே அந்தச் சின்ன லோடு வண்டி, அதனுடைய டீசல் இன்ஜின்தான்.

சிரிக்காதே அக்கா. முழுசாகக் கேள்.

ஏன் வாங்கினேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கூட இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. பெண்ணை ஜோடித்துக் காரில் உட்கார வைத்து, முன்னால் மேளம், வழியெல்லாம் வாணவேடிக்கை என்று மண்டபத்துக்கு அழைத்துப் போவார்கள். கார் ஆள் நடக்கிற வேகத்துக்குத்தான் போகும். மேளக்காரர்கள் நின்றால் நிற்கும், ஆடுகிற பையன்கள் நகர்ந்தால் நகரும். எந்தக் காருக்கும் அது ஒரு தண்டனைதான். ஓடினால்தானே ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கும்?

உன் பெண் அழைப்புக்கு அப்பா வாடகைக்குப் பிடித்தது ஒரு திறந்த பெட்ரோல் கார். பார்க்க ராஜா வண்டி மாதிரி இருந்தது. வில்லியனூர் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ரயில் வரும்வரை அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு இருந்தது. கேட் திறந்து தண்டவாளத்தைத் தாண்டியதும் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. எதற்கும் அசையவில்லை. கடைசியில் நீ பட்டுப்புடவையும் மாலையுமாக இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு மண்டபம்வரை நடந்தாய்.

அன்றைக்கு உனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். வண்டி நின்ன பொண்ணு.

வைத்தது உன் நாத்தனார். முதலில் அது கிண்டலாகத்தான் இருந்தது. கயல் நடை பழகிக்கொண்டிருந்த வயதில் அவள் அப்பா, நம் மாமா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாரே, அன்றைக்குப் பந்தலில் எல்லார் காதிலும் விழும்படி அந்த அம்மா சொன்னது இன்னமும் என் காதில் இருக்கிறது. "வரும்போதே வண்டி நின்னுச்சி. அப்பவே எனக்குத் தெரியும்பா."

நீ பதில் சொல்லவில்லை. கரும்பு வெட்டுக்கு வந்த ஆள்களை எல்லாம் ஒற்றை அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவள், வரப்புச் சண்டையில் எதிர் வீட்டு ஆம்பளைகளை வாயடைக்க வைத்தவள், அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் வாயைத் திறந்ததே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரிக்கலாம்பாக்கத்துக்கு, நம் வீட்டுக்கே வந்துவிட்டாய். ஏன் அக்கா? நீயும் அதை நம்பிவிட்டாயா? கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்து, உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே இருந்துவிட்டேன்.

அதனால் கயலுக்கு மாப்பிள்ளை நிச்சயமானதும் என் மனசில் ஓடியது ஒரே விஷயம்தான். அவள் வண்டி நிற்கக் கூடாது. நகை சேர்த்தாயிற்று, பட்டு எடுத்தாயிற்று. தாய்மாமன் என்று நான் ஒருத்தன் இருப்பதற்கு, என் சீர் இதுதான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

இந்தக் காலத்தில் அது என்ன பெரிய விஷயம், ஒரு ஏ.சி. கார் பிடித்தால் போச்சு என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் சொன்னேன். உன் மகள் ஒத்துக்கொண்டால்தானே?

"கண்ணாடிய ஏத்திக்கினு டப்பாக்குள்ள ஒக்காந்து போறதுக்கு நான் இன்னா மருந்து பாட்டிலா? அம்மா தொறந்த கார்லதான வந்தாங்க? நானும் தொறந்த கார்லதான் போவேன்."

"அம்மா கார் நின்னு போச்சுடி."

"அதுக்குத்தான் சொல்றேன் மாமா."

அவளுக்கு எல்லாம் தெரியும், அக்கா. நாம் மறைத்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் அத்தை வீட்டுக்குப் போய்வந்த ஒவ்வொரு விசேஷத்திலும் யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார்கள்.

புதுச்சேரி டவுனில் திறந்த கார் வாடகைக்கு விடுகிறவர்களைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் பழைய பெட்ரோல் வண்டிகள். "நடுவுல நிக்காதே?" என்று ஒருத்தரிடம் கேட்டேன். "நின்னா இன்னா சார், தள்ளிக்கலாம். தள்றதுக்குன்னே பசங்கள கூட அனுப்புவோம்" என்றார், ஏதோ கூடுதல் வசதி சொல்வது போல. எனக்கு வந்த கோபத்தில் குடித்த டீயைக்கூட முடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அப்போதுதான் லூர்து வீட்டுக் கார் விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டோம். வில்லியனூரில் மாதா கோயிலுக்குப் போகிற வழியில் சொல்தா வீடு என்று ஒன்று இருக்குமே, வாசலில் காகிதப்பூச் செடி படர்ந்திருக்கும். லூர்துவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சொல்தா என்றால் சிப்பாய் என்று இப்போது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் திரும்பி வரும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த கார் அது. கொஞ்ச வருஷம் பறந்திருக்கிறது. பிறகு எண்ணெய் இல்லாமல் ஓட்டி இன்ஜின் இறுகிப்போய், பிரான்சில் இருந்து பாகம் வரும் வரும் என்று காத்திருந்து, அவர் போயே போய்விட்டார். மகன் லூர்து காரைத் தூக்கிப் போட மனசில்லாமல் குட்டியானை இன்ஜினை வைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வர ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது பிள்ளைகளோடு இருக்க அவரும் பிரான்சுக்குக் கிளம்புகிறார்.

நானும் கயலும் பார்க்கப் போன அன்று டவுனில் இருந்து இன்னொருத்தரும் வந்திருந்தார். பழைய கார்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். தங்கமான மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். காரைச் சுற்றி வந்தவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், சீட்டுத் தோலைத் தடவினார், டயர் மறைப்பின் வளைவைக் குழந்தை கன்னத்தைத் தொடுவது போலத் தொட்டார். பிறகு பானெட்டைத் திறந்தார். முகம் விழுந்துவிட்டது.

"பாடி அருமையா இருக்கு சார். ஆனா உயிரு போயிடுச்சே. இந்த மாதிரி காருக்கு மதிப்பே அந்த ஒரிஜினல் இன்ஜின்லதான். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கம்பெனில இருந்து வந்த ஜோடியாவே இருந்திருந்தா, நீங்க கேக்கறதுக்கு மேலயே குடுப்பேன். இப்ப அந்த இன்ஜினைத் தேடிப் புடிச்சு வெளிநாட்டுல இருந்து எறக்கற செலவுக்கு இன்னொரு காரே வாங்கிடலாம்."

லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியும் சார். எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. அப்பா இருந்திருந்தா என்னை வெட்டிப் போட்டிருப்பாரு."

டவுன்காரர் வெறும் கூட்டுக்கு என்று ஒரு விலை சொன்னார். இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்று கைகூப்பிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். அவருக்குக் குறையாகத் தெரிந்தது எதுவோ, நான் தேடி அலைந்தது அதைத்தானே? குட்டியானை என்ன செய்யும்? மூட்டையை ஏற்றிக்கொண்டு நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து போகும், நாள் முழுக்க. பறப்பதற்காகச் செய்த காருக்குள் நடப்பதற்காகச் செய்த இன்ஜின். பெண் அழைப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் முகத்தை மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவன் போல வைத்துக்கொண்டேன். "அய்யய்யோ, வெங்காய வண்டி இன்ஜினா" என்று உச்சுக் கொட்டினேன். விலை குறையட்டுமே என்றுதான். மதகடிப்பட்டு சந்தையில் மாடு பிடித்தவன் அல்லவா நான்?

உன் மகள் அதற்குள் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டாள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்க வைக்கும்போது "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு" என்று சொன்னவர்கள் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். சேதராப்பட்டில் கம்பெனி வேலை, தினம் இரும்போடுதான் பழக்கம். ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதைக் காரின் உடம்பெல்லாம் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். காந்தம் ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பட்டி பூசியிருப்பார்களாம். பின்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டினாள். இன்ஜின் உட்கார்ந்திருக்கும் பிராக்கெட்டை அசைத்தாள், பிரேக்கைத் தன் முழு எடையையும் போட்டு மிதித்தாள். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, மாற்றிய இன்ஜினின் நம்பரும் டீசல் என்பதும் அதில் முறையாக ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். ஏறியிருந்தது. அது இல்லையென்றால் பெயர் மாற்றவே முடியாது, எவ்வளவு அழகான காராக இருந்தாலும் கோழி அடைக்கத்தான் ஆகும் என்றாள்.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இங்கேதான் உன் தம்பி மானத்தை வாங்கிக்கொண்டான். ஸ்போர்ட்ஸ் கார் ஆயிற்றே என்று விழுப்புரம் ரோட்டுக்குக் கொண்டுபோய் ஒரே அழுத்தாக அழுத்தினேன். கார் முழுக்கக் கடகடவென்று ஆடியது. பின்னால் பால் கேன் கட்டிய ஒரு மொபெட் எங்களை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"இன்னா மாமா பண்ற நீ? பொண்ணழைப்புக்குப் போறமா, ரேஸ் வுடப் போறமா? மெதுவா ஓட்டிப் பாரு. எவ்ளோ மெதுவா முடியுமோ அவ்ளோ மெதுவா."

அதற்கு எங்கே போவது? அப்போது ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று, ரெட்டை டிரெய்லரில் தலைக்கு மேல் கரும்பை ஏற்றிக்கொண்டு, ரோட்டையே அடைத்துக்கொண்டு போனது. பங்குனி வெயில், உச்சிப் பொழுது. நம் பக்கத்தில் கார் வைத்திருக்கிற எவனும் அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் டிரைவரின் பரம்பரையையே திட்டுவான். உன் மகள் கையைக் காட்டினாள். "அது பின்னாடி போ மாமா. முந்தாத."

போனேன். ஊர்ந்தேன். முந்தச் சொல்லி டிராக்டர்காரர் கையைக் காட்டிக் காட்டிச் சலித்துப் போனார். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்காரர் ஹாரனிலேயே கெட்ட வார்த்தை பேசினார். காரில் இரண்டு சீட்டுதான் என்பதால் லூர்து ஸ்கூட்டரில் கூடவே வந்தார். அவ்வளவு மெதுவாக ஸ்கூட்டர் ஓட்ட வராமல் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தார். கயல் சூடு காட்டுகிற முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டிராக்டர் மண்பாதையில் திரும்பும்வரை அந்த முள் பாதியைத் தாண்டவே இல்லை அக்கா. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. முகத்தை மறுபடியும் இழவு வீடாக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பேரம். நான் தோளில் இருந்த துண்டை எடுத்தேன். சந்தைப் பழக்கம், துண்டுக்குள் விரலைப் பிடித்தால்தான் எனக்கு விலை வாயில் வரும். லூர்துவின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடி, டவுன்காரர் சொன்னதற்கும் கீழே ஒரு விலையை விரலில் அழுத்தினேன். சொல்தா வீட்டுப் பிள்ளைக்கு மாட்டுச் சந்தை பாஷை எங்கே தெரியும்? நான் கை குலுக்குகிறேன் என்று நினைத்து அவரும் துண்டுக்குள்ளேயே நன்றாகக் குலுக்கி, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். கேட்ட விலைக்கே நான் ஒத்துக்கொண்டதாக அவர் நினைத்துவிட்டார். கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு அவள் பேசியதுதான் நான் உனக்கு எழுத உட்கார்ந்ததற்கே பாதிக் காரணம்.

"சார், எங்க மாமா மூஞ்ச நம்பாதீங்க. அவருக்கு இந்த இன்ஜின் ரொம்பப் புடிச்சிருக்கு. எனக்கும்தான். வந்தவர் வெறும் கூட்டுக்கு வெலை சொல்லிட்டுப் போனாரு. நாங்க இன்ஜினுக்கும் சேத்து சொல்றோம். எங்க வேலைக்கு இதுதான் ஒரிஜினல்."

சொல்லிவிட்டு, டவுன்காரர் சொன்னதற்கு மேலே ஒரு விலை சொன்னாள். எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன், ஊரே படிக்கும். எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. நடித்த நடிப்பெல்லாம் வீண். கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய், "ஏன்டி, குறைச்சு முடிக்க வேண்டிய எடத்துல ஏத்திக் குடுக்கறியே, உனக்கு மூளை இருக்கா?" என்றேன்.

"அந்த மனுசன் இத்தினி வருசமா அந்த இன்ஜினுக்காகக் கூனிக் குறுகி நிக்கிறாரு மாமா. அது நல்ல இன்ஜின்னு தெரிஞ்சிக்கினே மட்டம்னு சொல்லி வாங்கி, அதுல ஏறி நான் கல்யாணத்துக்குப் போவணுமா?"

உன் குரலே அது. லூர்து உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவள் கையில்தான் கொடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அவர் அப்பாவின் காரைக் கெடுத்தவர் என்று சொல்லாமல் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவையாம்.

ஊரில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும். காரைக் கரிக்கலாம்பாக்கத்துக்கு ஓட்டி வந்ததும் ஆளாளுக்கு வந்து பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உன் நாத்தனாருக்குச் சேதி போகாமல் இருக்குமா? பத்திரிகை வைக்கப் போனபோது நேராகவே கேட்டார். "தாய்மாமன் சீருன்னா நகை வைப்பாங்க, வெள்ளி வைப்பாங்க. நீ இன்னாபா வெங்காய வண்டி வைக்கிற?" சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வாயைக் கொடுத்தால் கல்யாணத்துக்கு வராமல் போய்விடுவார். அவர் வர வேண்டும். அவர் கண்ணெதிரே அந்தக் கார் மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

பெண் அழைப்பு அன்று காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பானெட்டின் மேல் மல்லிகைச் சரம் போட்டோம். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பூகூட வைக்கக் கூடாது என்று கயல் கட்டளை. இரண்டு சீட்டுதான் என்பதால் தோழிப் பெண்கள் எல்லாம் ஏமாந்து பின்னால் நடந்து வந்தார்கள். நான் இடது பக்கம் ஸ்டியரிங்கில். என் வலது பக்கத்தில் உன் மகள், அரக்குப் பட்டில். உன் ஜிமிக்கிதான் போட்டிருந்தாள். அவளைப் பார்த்து ஓட்டுவதா, ரோட்டைப் பார்த்து ஓட்டுவதா என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வில்லியனூர் எல்லையில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். பேண்டு செட்டுக்காரர்கள் அன்றைக்கு என்ன வரம் வாங்கி வந்தார்களோ, பத்தடிக்கு ஒரு தடவை நின்று வாசித்தார்கள். காற்றே இல்லாத வைகாசிப் புழுக்கம். கார் அது பாட்டுக்குத் தடதடவென்று ஊர்ந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் வீட்டுக்குள் இருந்து வந்து நின்று பார்த்தார்கள். உன் மகள் தலையைக் குனியவில்லை அக்கா. தெரிந்தவர்களுக்கு எல்லாம் கையைக் காட்டிக்கொண்டு வந்தாள்.

கேட் பக்கம் வந்தோம். சாத்தியிருந்தது.

மேளம் நின்றது. பட்டாசு நின்றது. அவ்வளவு கூட்டத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அந்த இன்ஜின் ஒன்றுதான். காருக்குப் பக்கத்திலேயே உன் நாத்தனார், கையில் தாம்பாளத்தோடு. அவர் பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய ஆள்கள் எல்லாருமே அதைத்தான் பார்த்தார்கள். ரயில் எங்கேயோ ஊதியது, வரவில்லை. முள் மெல்ல மேலே ஏறியது. பாதிக்கு வந்தது. பாதியைக் கொஞ்சம் தாண்டியது. நான் உன்னைத்தான் கூப்பிட்டேன். சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

முள் அங்கேயே நின்றது. ரயில் போனது. கேட் தூக்கினார்கள். கார் ஏறி, குலுங்கி, தண்டவாளத்தைத் தாண்டி இறங்கியது. ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. மேளம் மறுபடியும் பிடித்துக்கொண்டது. நான் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ஜெயித்துவிட்டோம்டி என்று கத்த வாயைத் திறந்தேன்.

"மாமா, அம்மா எறங்குனது இங்கதானே?"

"இங்கதான். அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"நிறுத்து."

"இன்னாடி பேசற? நிறுத்தக் கூடாதுன்னுதானே..."

அவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டாள். இன்ஜின் அடங்கியது. யாரோ "அய்யோ" என்றார்கள். உன் நாத்தனாரின் தாம்பாளத்தில் இருந்து ஒரு ஆரஞ்சு உருண்டு விழுந்தது. கயல் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அவர் எதிரே போய் நின்றாள்.

"வண்டி நிக்கல அத்தை. நான் நிறுத்தனேன். எங்கம்மா இங்கிருந்து நடந்துதான் போனாங்க. நானும் நடந்தே போறேன். வர்றீங்களா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். நான் காருக்குள் உட்கார்ந்த இடத்தில் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல். இத்தனை வருஷம் வண்டி நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, நின்றால்தான் என்ன என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை அக்கா. அவள் யோசித்திருக்கிறாள். எப்போதிலிருந்து யோசித்தாள்? உன்னிடம் சொல்லியிருந்தாளா?

உன் நாத்தனார் தாம்பாளத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். குனிந்து கயலின் புடவைத் தலைப்பு மண்ணில் புரளாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "நடடி" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. ஆனால் மண்டபத்து வாசல்வரை பிடித்த தலைப்பை விடவே இல்லை.

மேளக்காரர்கள் நான் இதுவரை கேட்காத அடி அடித்தார்கள். உன் மகள் நடுரோட்டில், நிமிர்ந்த தலையோடு, நடந்து போனாள். சேதி தெரிந்து மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு தெருமுனைக்கே வந்துவிட்டார். ஒரு முகச்சுளிப்புக் கிடையாது. நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம், நீ கவலைப்படாதே.

இனி நான் உன்னிடம் கொடுக்கிற வாக்கு. அந்தக் காரை விற்கமாட்டேன். போன வாரம்கூட டவுன்காரர் ஆள் அனுப்பினார், அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவரிடம் அந்த ஒரிஜினல் இன்ஜின் கிடைக்கிறதாம், மாற்றிவிட்டால் மதிப்பு எங்கேயோ போய்விடுமாம். மதிப்பு ஏற்கெனவே எங்கேயோதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மடுகரையில் இருந்தும் பாகூரில் இருந்தும் பெண் அழைப்புக்குக் கார் கேட்டு வருகிறார்கள். பெற்றவர்கள் இல்லாத பெண் என்றால் வாடகை வாங்கமாட்டேன், ஸ்டியரிங்கில் நானே உட்காருவேன். போகச் சொன்னால் போவேன், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன். அது அந்தப் பெண்ணின் இஷ்டம்.

ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. கயல் இறங்கி நடந்த பிறகு நான் சாவியைத் திருப்பினேன். கார் உடனே பிடித்துக்கொண்டது. அவள் பின்னாலேயே, அவள் நடைக்குத் தக்க, மண்டபம்வரை ஓட்டி வந்தேன். என் வலது பக்கத்துச் சீட் காலியாக வருகிறது, வெறும் மல்லிகைச் சரத்தைச் சுமந்துகொண்டு வண்டி வருகிறது என்று எல்லாரும் பார்த்தார்கள். தோழிப் பெண் ஒருத்தி ஏறிக்கொள்ளட்டுமா மாமா என்று கேட்டாள். ஆள் இருக்குதும்மா, அப்புறம் ஏறிக்கோ என்று சொல்லிவிட்டேன். மண்டபத்து வாசலில் நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, அந்தப் பக்கத்துக் கதவையும் திறந்து பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீ மெதுவாகத்தானே இறங்குவாய், பட்டுப்புடவை ஆயிற்றே.

உன்னைக் காரிலேயே மண்டபம் கொண்டுவந்து சேர்த்த உன் தம்பி,
கயலின் தாய்மாமன்,
வேலு.